டர்போ மாற்றம்: வீட்டிலா, பட்டறையிலா, பாதிப் பாதியா?

நான் முதன்முதலில் ஒரு காரின் டர்போவை, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்தை, மாற்றியபோது வேலை முடிய ஒன்றரை நாள் ஆனது. அப்படி மாட்டிய டர்போ ஊளையிடத் தொடங்க மூன்று வாரம் ஆனது. மாட்டியதில் பிழை இல்லை. போல்ட்டுகள் எல்லாம் உரிய முறுக்கத்தில் இருந்தன, கேஸ்கெட்டுகள் புதியவை, எங்கும் கசிவில்லை. ஆயில் வரும் குழாயை மட்டும் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று துடைத்துப் பழையதையே மாட்டியிருந்தேன். அதன் உட்புறத்தில் கரி படிந்து, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. முதல் டர்போவைக் கொன்றதும் அந்தக் குழாய்தான் என்பது இரண்டாவதையும் கழற்றிய பிறகே தெரிந்தது.

அன்றிலிருந்து இந்த வேலையைப் பற்றி யார் கேட்டாலும் என் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது. வீட்டிலா பட்டறையிலா, புதியதா புதுப்பித்ததா என்பதெல்லாம் பிறகு. பழைய டர்போ எதனால் போனது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? அது தெரியாமல் எந்த வழியில் போனாலும் இரண்டாவது டர்போவுக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைக்க வேண்டும்.

உண்மையிலேயே டர்போதானா?

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே ஷாஃப்டின் (சுழலும் தண்டின்) மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டக்கூடியது. பெட்ரோல் காரில் டர்பைனுக்குள் வரும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸுக்கு மேலும் போகும். பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் ஓடும்போது பேரிங்கைத் தொடுவதே இல்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் சில நொடிகள் அறுந்தாலே போதும், உலோகம் உலோகத்தோடு உரசிக் கதை முடிந்துவிடும்.

ஆகவே டர்போ வயதாகி இயற்கையாகச் சாவது அரிது. ஆயில் குறைந்திருக்கும், அல்லது நெடுநாள் மாற்றாத ஆயிலில் கரியும் துகளும் சேர்ந்திருக்கும். காற்று வடிகட்டியின் வழியாக ஏதாவது உள்ளே போய்ச் சக்கரத்தின் இறகைக் கடித்திருக்கும். ஹோஸ் கிழிந்து காற்று வெளியே போனதால், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்றிருக்கும். வேகமாக ஓட்டி வந்து நிறுத்திய கையோடு என்ஜினை அணைக்கும் பழக்கமும் ஒரு காரணம்: ஓட்டம் நின்ற ஆயில் சூட்டில் வெந்து பேரிங்கைச் சுற்றிக் கரியாகிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. டர்போவுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. இழுவை இல்லை, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற குறி வருகிறது என்றவுடன் டர்போ விலையை விசாரிக்கத் தொடங்குபவர்கள் ஏராளம். அந்தக் குறி சொல்வது ‘எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை’ என்பதை மட்டுமே. விரிசல் விட்ட இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ், கழன்றுபோன சின்ன வேக்குவம் குழாய், வேலை செய்யாத சோலினாய்டு (மின்சார வால்வு), கரி அடைத்த அழுத்த சென்சார், அடைபட்ட டீசல் புகை வடிகட்டி என யார் வேண்டுமானாலும் குற்றவாளியாக இருக்கலாம். இவற்றைச் சோதிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு காற்று வரும் ஹோஸைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசாக ஆடினால் பதற வேண்டாம். ஆயில் இல்லாத நிலையில் அது இயல்பு. ஆனால் ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது அசைவு கைக்குத் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. இறகுகளின் நுனி கூட்டைத் தொட்டுக் கீறியிருந்தாலோ, ஏதேனும் ஓர் இறகு வளைந்தோ உடைந்தோ இருந்தாலோ வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

நீலப் புகை மட்டும் வருகிறது, ஷாஃப்ட் உறுதியாக இருக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். டர்போவுக்குள் ரப்பர் ஆயில் சீல் எதுவும் கிடையாது. மோதிரம் போன்ற உலோக வளையங்களும், இரு பக்கமும் இருக்கும் அழுத்தமுமே ஆயிலை உள்ளே வைத்திருக்கின்றன. வேலை முடிந்த ஆயில் பம்ப் எதுவும் இல்லாமல் தன் எடையால் மட்டுமே கீழே வடிய வேண்டும். திரும்பும் குழாய் அடைத்திருந்தாலோ, பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) அடைத்து என்ஜினின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறியிருந்தாலோ வடிய வழியில்லாத ஆயில் வளையங்களைத் தாண்டிப் பிதுங்கும். புதிய டர்போவும் அப்படியே பிதுக்கும். விற்றவரோடு சண்டைதான் மிஞ்சும்.

யார் கையில் கொடுப்பது?

டர்போதான் போயிருக்கிறது என்று உறுதியான பிறகு மூன்று வழிகள்: முழுவதும் பட்டறை, முழுவதும் நீங்கள், அல்லது கழற்றி மாட்டுவது நீங்கள், டர்போவைத் திறந்து பழுதுபார்ப்பது டர்போ வேலை மட்டுமே செய்யும் நிபுணர். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறையின் பலம் லிஃப்ட் மட்டும் அல்ல. துருப்பிடித்த ஸ்டட் (நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்) உடைந்தால் அடுத்து என்ன செய்வது என்று அங்கே ஒருவருக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகள் வருடக்கணக்கில் சூடேறி ஆறி, ஸ்டட்டோடு ஏறக்குறைய ஒட்டிப்போயிருக்கும். அவற்றை முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயில் ஊற வைத்து, சூடு காட்டி, இறுக்கியும் தளர்த்தியும் பொறுமையாக எடுக்க வேண்டும். அப்படியும் ஒன்று உடையலாம். மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாயில்) உடைந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய் எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் ஹெட்டில், அதுவும் என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டிய மூலையில் உடைந்தால், வீட்டில் வேலை செய்பவரின் வார இறுதி அங்கேயே முடிந்துவிடும்.

பட்டறையின் பலவீனம் நேரம். அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. டர்போவைக் கழற்றி மாட்டும் வேலைக்குத்தான் கூலி பேசியிருப்பார்கள். ஆயில் சம்பை (என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) கழற்றி உள்ளிருக்கும் சல்லடையைப் பார்ப்பதும், இன்டர்கூலரை இறக்கிக் கழுவுவதும், ஆயில் குழாயை வெட்டிப் பார்ப்பதும் அந்தப் பேச்சில் இருக்காது. நல்ல மெக்கானிக் தானாகவே செய்வார். மற்றவர்களிடம் நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால் தனிக் கூலி.

வீட்டில் இது தலைகீழ். கருவி குறைவு, இடம் குறைவு, முதுகு வலி அதிகம்; ஆனால் நேரத்துக்குக் கணக்குக் கேட்க யாரும் இல்லை. சாவுக்குக் காரணத்தைத் தேடுவது மெதுவான வேலை என்பதால், கழற்றும் கை பழகியதாக இருந்தால் வீட்டு வேலை பட்டறை வேலையைவிடத் தரமாகவே அமையலாம். பணம் மிச்சமாகிறது என்பதைவிட இதைத்தான் வீட்டு வேலையின் உண்மையான ஆதாயமாக நான் நினைக்கிறேன்.

உங்கள் கார் எந்த ரகம் என்பது இதையெல்லாம்விட முக்கியம். பானெட்டைத் திறந்தவுடன் முன்பக்கத்தில், வெப்பத் தகட்டுக்குக் கீழே டர்போ கண்ணுக்குத் தெரிகிறதா? தாராளமாக வீட்டில் முயலலாம். முதல்முறை என்றால் ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள். என்ஜினுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே புதைந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை இறக்காமல் ஒரு போல்ட்டுக்கும் ஸ்பானர் போகாது என்ற அமைப்பா? அனுபவமும் உயரமான ஸ்டாண்டுகளும் வேண்டும். சில கார்களில் என்ஜினைத் தாங்கும் சட்டத்தையே இறக்க வேண்டும். அப்படிப்பட்ட காரை நான் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த ரகமானாலும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையும் இல்லை.

எந்த டர்போவை மாட்டுவது?

விலையை வைத்து வரிசைப்படுத்தினால் மேலே கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் புதியது, கீழே பெயர் தெரியாத நகலும் உடைத்த காரிலிருந்து எடுத்த பழையதும். நடுவில் இருப்பவற்றில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

புதியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டர்போவைச் செய்யும் நிறுவனமே தன் பெயரில் உதிரிபாகச் சந்தைக்கும் விடுகிறது என்றால், கார் நிறுவனத்தின் பெட்டிக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியம் பல நேரம் இருக்காது. எதை வாங்கினாலும் காரின் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். டர்போவின் மேல் தகட்டிலோ கூட்டிலோ பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில், ஒரே வருடத்தில், குதிரைத்திறன் மட்டும் வேறுபடும் இரண்டு என்ஜின்களில் இரண்டு வேறு டர்போக்கள் இருக்கும்.

நகலில் மிச்சப்படும் பணம் நிஜம்தான். சிக்கல் என்னவென்றால், 2 லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தின் சமநிலையை வெளியிலிருந்து யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பளபளப்பான வார்ப்பு எதற்கும் சாட்சி அல்ல. உடைத்த காரிலிருந்து எடுத்ததில் குறைந்தபட்சம் சமநிலை தொழிற்சாலையுடையது. ஆனால் அந்தக் கார் எப்படி ஆயில் குடித்து வளர்ந்தது என்பது தெரியாது. விரலால் ஆட்டிப் பார்த்து, முன்பின் அசைவு இல்லாமல், இறகுகள் சுத்தமாக இருந்தால் பழைய காருக்கு ஓர் எல்லை வரை ஏற்கலாம். நகலை நான் ஏற்பதில்லை. இது என் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

பண்டமாற்றில் கிடைக்கும் புதுப்பித்த டர்போ வீட்டில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருத்தமானது. பழையதைத் திருப்பித் தருவதற்கு உத்தரவாதமாக முன்பணம் கட்டுகிறீர்கள், புதுப்பித்தது வீடு தேடி வருகிறது, கார் ஓரிரு நாள்தான் நிற்கிறது. ‘புதுப்பித்தது’ என்ற சொல்லுக்குப் பின்னால் மட்டும் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. பேரிங், வளையங்கள், தேய்ந்த சக்கரம் எல்லாம் மாற்றி, அதிவேகச் சமநிலை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, அந்தச் சோதனைத் தாளையும் பெட்டியில் வைத்து அனுப்புபவர்கள் ஒரு பக்கம். கழுவி, பெயின்ட் அடித்து அனுப்புபவர்கள் மறுபக்கம். சமநிலைத் தாள் உண்டா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்குவது கவர்ச்சியான யோசனை. இரண்டு கூடுகளுக்கும் நடுவே இருக்கும் ஷாஃப்ட், பேரிங், சக்கரங்கள் அடங்கிய இதயப் பகுதி மட்டும் சமநிலை பார்த்துத் தயாராக வரும். பழைய கூடுகளில் பொருத்தினால் போதும். வேஸ்ட்கேட் (அதிகப்படியான புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வால்வு) வைத்த எளிய டர்போவில் இதை வீட்டு மேசையிலேயே செய்யலாம். கூடுகள் எந்தக் கோணத்தில் இருந்தன என்று கழற்றும் முன் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விஜிடி என்று சொல்லப்படும், டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் கொண்ட டர்போ வேறு கதை. இன்றைய டீசல் கார்களில் பெரும்பாலானவை இந்த வகை. இதழ்கள் எவ்வளவு மூட வேண்டும் என்பதைத் தடுப்புத் திருகு ஒன்று நிர்ணயிக்கிறது. அந்த அளவைக் காற்றோட்டம் அளக்கும் இயந்திரத்தில் வைத்துத்தான் சரியாகக் குறிக்க முடியும். கண் மதிப்பில் வைத்தால் குறைந்த வேகத்தில் இழுவை இல்லாமல் போகும், அல்லது அழுத்தம் எகிறி என்ஜின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும் தற்காப்பு நிலைக்குப் போய்விடும். கரியில் இதழ்கள் ஒட்டிப்போன டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்வது வீட்டில் முடியும். கார்ட்ரிட்ஜ் மாற்றி மறுபடி அளவு வைப்பது முடியாது.

அதனால்தான் எனக்குப் பாதிப் பாதி வழி பிடிக்கிறது. நீங்களே கழற்றி, உங்கள் டர்போவை நிபுணரிடம் கொடுத்து, அவர் சரிசெய்து அளவு வைத்துத் தர, நீங்களே மாட்டுகிறீர்கள். உங்கள் காருக்கு என்று தொழிற்சாலை கொடுத்த அதே கூடு, அதே எண். பொருந்துமா என்ற கவலையே எழாது. அவர் திறக்கும்போது பேரிங்கின் நிறத்தைக் காட்டச் சொல்லுங்கள். நீலம் பூத்திருந்தால் ஆயில் வரத்து குறைந்து சூடேறியது. வரிவரியாகக் கீறல் இருந்தால் ஆயிலில் அழுக்கு. பண்டமாற்றில் பழையதை அனுப்பிவிட்டால் இந்தச் சாட்சியம் உங்கள் கைக்குக் கிடைக்காது. கார் அதிக நாள் நிற்கும் என்பது மட்டும்தான் குறை. அன்றாடம் வேலைக்குப் போக வேறு வண்டி இல்லாதவருக்கு அது பெரிய குறைதான்.

உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. டர்போவுக்கு உத்தரவாதம் தருபவர்கள் பலர், அதை மெக்கானிக்தான் மாட்டினார் என்பதற்கு ரசீது கேட்பார்கள். புதிய ஆயில், புதிய ஃபில்டர், புதிய ஆயில் குழாய் வாங்கிய ரசீதும் கேட்பார்கள். வீட்டில் மாட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். செல்லாது என்று சொன்னால், பட்டறைக் கூலியில் மிச்சப்படுத்தும் பணத்துக்கு எதிரே அதையும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

புதியதோடு சேர்ந்து மாற வேண்டியவை

ஆயில் வரும் குழாயைப் புதிதாகவே வாங்குங்கள். அதன் முனையில் இருக்கும் துளைபோல்ட்டுக்குள் சிறு சல்லடை இருந்தால் அதுவும் புதிது. எல்லா கேஸ்கெட்டுகளும், செம்பு வாஷர்களும், எக்ஸாஸ்ட் நட்டுகளும் புதிது. ஆயில் பாதையின் கேஸ்கெட்டில் சிலிகான் பசை தடவவே கூடாது. பிதுங்கும் பசை ஒரு துணுக்காக உள்ளே விழுந்து பேரிங்கின் வாயை அடைக்கும். காற்று வடிகட்டியை மாற்றி, பிரீதரைச் சுத்தம் செய்து, திரும்பும் குழாயில் ஊதிப் பார்த்துவிடுங்கள்.

இன்டர்கூலரை மறப்பவர்கள் அதிகம். பழைய டர்போ கக்கிய ஆயில் அதற்குள் தேங்கியிருக்கும். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு, சாவியை அணைத்த பிறகும் தானாக வேகமெடுத்து ஓடக்கூடும். அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். பழைய சக்கரம் உடைந்திருந்தால் அலுமினியத் துகள்கள் இன்டர்கூலரின் மெல்லிய வழிகளில் ஒளிந்திருக்கும். கழுவினாலும் முழுவதும் போனதா என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் அதை மாற்றிவிடுவதுதான் சரி, மனம் வராவிட்டாலும்.

மாட்டும்போது, குழாயை இணைக்கும் முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தை விரலால் சில முறை சுற்றுங்கள். மேனிஃபோல்டின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். வளைந்த முகத்தில் புதிய கேஸ்கெட் நெடுநாள் தாங்காது. கூலன்ட் ஓடும் டர்போ என்றால் கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மின்சார ஆக்சுவேட்டர் (இதழ்களையோ வேஸ்ட்கேட்டையோ அசைக்கும் மோட்டார்) இருந்தால் சில கார்களில் ஸ்கேனர் வழியே அதற்கு அளவு கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வசதியுள்ள ஸ்கேனர் உங்களிடம் இல்லாவிட்டால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரிடம் போவது என்பதைக் காரைக் கழற்றும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. எரிபொருள் போகாதபடி, உங்கள் காரின் கையேடு சொல்லும் முறையில் தடுத்துவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறுசிறு தவணையாகச் சுற்ற விடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் அப்படியே ஓடட்டும். ‘வேலை செய்கிறதா’ என்று ஒரு மிதி மிதித்துப் பார்க்கக் கை அரிக்கும், கால் அரிக்கும். பொறுங்கள். அந்த நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். புகை கொஞ்சம் வரும். சைலன்சருக்குள் தங்கிய பழைய ஆயில் எரிந்து தீரச் சிறிது தூரம் ஓட வேண்டும். ஆனால் குறையாமல் வந்துகொண்டே இருந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பும் குழாயிலிருந்து மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள். பழைய ஆயில் சகதியாக இருந்த என்ஜின் என்றால் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். புதிய ஆயில் கரைத்துக் கொண்டுவரும் அழுக்கு ஃபில்டரில் வந்து சேர்ந்திருக்கும். பண்டமாற்றில் வாங்கியிருந்தால் புதியது வந்த பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழையதை ஆயில் வடித்து, துளைகளை மூடி, அதே பெட்டியில் அனுப்ப வேண்டும். கூடு வெடித்திருந்தது என்று சொல்லி முன்பணத்தைப் பிடிப்பது சாதாரணமாக நடப்பது என்பதால், மூடும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.